பிரிவதென்று முடிவெடுக்கும் முன்

பெசன்ட் நகர், பெசன்ட் அவென்யூ என்று அடையாற்றுக்காரர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது அன்னி பெசன்ட்டின் பிறந்த வீட்டுப் பெயரல்ல. அவர் பிரிந்து வந்த கணவரின் பெயர். 1867-ல் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1873-ல் பிரிவுப் பத்திரம் எழுதி விலகினார்கள். மகன் டிக்பி அப்பாவிடம், மகள் மேபல் அம்மாவிடம் என்று ஏற்பாடு. ஐந்து வருஷம் கழித்து லண்டன் நீதிமன்றம் மேபலையும் வாங்கி அப்பாவிடம் கொடுத்தது. அம்மா நாத்திகம் பேசுகிறவர், கருத்தடை பற்றிய புத்தகத்தை வெளியிட்டவர் என்பவைதான் காரணங்கள். வளர்ந்து பெரியவர்களானதும் பிள்ளைகள் இருவரும் அம்மாவைத் தேடி வந்தார்கள். ஆனால் விவாகரத்து அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1907-ல் அடையாறு பிரம்மஞான சபைக்குத் தலைவரானபோதும் சட்டத்தின் கண்ணில் அவர் அந்தப் பாதிரியாரின் மனைவிதான்.

1857-ல் வந்த இங்கிலாந்துச் சட்டப்படி, மனைவி இன்னொருவரோடு உறவு வைத்திருந்தாள் என்று காட்டினாலே கணவனுக்கு விவாகரத்து கிடைத்தது. மனைவிக்கு அது போதாது. கணவனின் கள்ள உறவோடு கொடுமையையோ, கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இதே கணக்கை 1869-ல் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் எழுதி வைத்தார்கள். நாடாளுமன்றம் அதைத் திருத்தியது 2001-ல். நம் சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் இருந்த கிறிஸ்தவப் பெண்களின் தலைமேல் அந்த விதி நூற்றிமுப்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. படித்தபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

நான் வக்கீல் இல்லை. சொந்தத்திலும் நட்பிலும் சிலருக்குத் துணையாகப் பாரிமுனைக் கோர்ட்டுக்குப் போய்வந்தவள், போய்வந்த பிறகு சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தவள். சமீபத்தில் சித்தி மகள் வீட்டுக்கு வந்தாள். காபி ஆறிக்கொண்டிருக்க, "அக்கா, மியூச்சுவல்னா ஆறு மாசத்துல முடிஞ்சிடும்ல?" என்றாள். "முதல்ல உனக்கு என்ன வேணும்னு சொல்லு. இந்த வீட்ல இருக்கணுமா, பணம் வேணுமா, குழந்தையா, அடி படாம இருக்கணுமா, இல்ல இன்னொரு கல்யாணத்துக்கு வழி வேணுமா?" என்றேன். பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனி வழி இருக்கிறது. நம் வீடுகளில் எல்லாவற்றையும் 'டைவர்ஸ்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டு, தேவையில்லாத சண்டையில் போய் நிற்கிறோம்.

முதலில் எது விவாகரத்து ஆகாது என்று பார்த்துவிடலாம். முத்திரைத்தாளில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சாட்சி போட்டால் கல்யாணம் முடிந்துவிட்டது என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். முடியவில்லை. தமிழ்நாட்டில் பல சாதிகளில் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது உண்மை. இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அப்படிப்பட்ட வழக்கத்தை ஏற்கவும் செய்கிறது. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, தொடர்ச்சியாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்திரத்தை நம்பிச் செய்துகொள்ளும் இரண்டாம் கல்யாணம் செல்லாது, அந்தப் பெண்ணின் நிலைமை அந்தரத்தில் நிற்கும்.

"ரிஜிஸ்டரே பண்ணலையே, அப்புறம் எதுக்குக் கோர்ட்டு?" என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பதிவு செய்யாததால் கல்யாணம் இல்லையென்று ஆகிவிடாது. மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைக் கல்யாணமும் அண்ணா ஆட்சியில் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவின்படி முழுக் கல்யாணம்தான். முடிப்பதென்றால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்துக்களுக்கு நீதிமன்ற விவாகரத்து என்ற ஒன்றே புதிது. இந்தியா முழுமைக்கும் 1955-ல் இந்து திருமணச் சட்டம் வருவதற்கு முன்பே, சென்னை மாகாணம் 1949-ல் இருதார மணத் தடைக்கும் விவாகரத்துக்கும் சேர்த்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. நம் ஊர் இதில் முந்திக்கொண்ட ஊர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் 1949-லும் சரி, 1955-லும் சரி, சட்டம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தப்பு யார் மேல்? இரண்டு நல்ல மனிதர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கு இடமே இல்லை. 1976-ல்தான் 13-பி பிரிவு வந்தது. பரஸ்பர சம்மதத்தில் பிரிவது அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று.

அந்த 13-பி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் தவறான தகவல்கள் அதிகம். மனு போடும் நாளில் இருவரும் ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்வதென்றால் தனித்தனி வீடு என்று அர்த்தமில்லை. சாஸ்திரி நகரில் ஒரே ஃபிளாட்டில் இருந்துகொண்டு, கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிந்து வாழ்வதுதான் என்று 1991-ல் சுரேஷ்தா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சென்னை வாடகையில் இரண்டு வீடு பிடிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய விஷயம். இருவரும் சேர்ந்து மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அதன் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள், மீண்டும் இருவரும் வந்து 'ஆமாம், இதே முடிவுதான்' என்று சொல்ல வேண்டும். ஆக, "ஆறு மாசத்துல முடிஞ்சிடும்" என்பது முழு உண்மை இல்லை. முன்னால் இருக்கும் ஒரு வருஷத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஆறு மாதத்தை விலக்கச் சொல்லிக் கேட்கலாம். 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில், அந்தக் காத்திருப்பு கட்டாயமல்ல, நீதிபதி விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. முதல் மனு போடும்போதே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை, மற்ற பாக்கி எல்லாவற்றையும் உண்மையாகவே பேசி முடித்திருக்க வேண்டும். காத்திருப்பது வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் வீடியோ வழியாக ஆஜராவதற்கும், நியாயமான காரணம் இருந்தால் பெற்றோரோ உடன்பிறந்தவரோ பிரதிநிதியாக வருவதற்கும் அதே தீர்ப்பு இடம் கொடுத்திருக்கிறது.

இன்னொன்று. கடைசி உத்தரவு வரும்வரை ஒருவர் மட்டும் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இதுவும் சுரேஷ்தா தேவி தீர்ப்புதான். அதனால் பணத்தை முழுவதும் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பின்னால் தவிப்பதும், பணம் கைக்கு வராமலேயே கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிடுவதும் இரண்டுமே ஆபத்து. எந்தத் தொகை, எந்தத் தேதியில், எந்தக் கட்டத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நகைப் பட்டியலைக் கிராம் கணக்கோடு எழுதுங்கள். குழந்தையின் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, பாஸ்போர்ட் யார் கையில் என்பதுகூட எழுதப்பட வேண்டும். வாய்வார்த்தையாக விட்டவைதான் பின்னால் புது வழக்காக முளைக்கின்றன.

ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் மிச்சமிருப்பது வழக்காடுவது. காரணங்கள் 13-ஆம் பிரிவில் இருக்கின்றன: கொடுமை, இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது, பிறர் உறவு, மதமாற்றம், தீராத மனநோய், ஏழு வருஷமாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாதது என்று போகிறது. தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது. 2019-ல்தான் எடுத்தார்கள். மருந்தில் குணமாகிற நோய்க்காக மனிதர்களை அத்தனை காலம் ஒதுக்கி வைத்திருந்தோம். பிறர் உறவு 2018-க்குப் பிறகு குற்றமில்லை, ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக அது தொடர்கிறது.

நடைமுறையில் பெரும்பாலும் எல்லோரும் கை வைப்பது 'கொடுமை'யில்தான். உடல் கொடுமை மட்டுமல்ல, மனக் கொடுமையும் போதும். ஆனால் அன்றாடக் குடும்பச் சச்சரவு கொடுமை ஆகாது, மொத்த வாழ்க்கையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2007-ல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இங்கேதான் எனக்கு வருத்தம். சும்மா ஒத்துவரவில்லை என்று சொன்னால் விவாகரத்து கிடைக்காது என்பதால், இல்லாத கொடுமையைக்கூட மனுவில் எழுதுகிறார்கள். பத்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய அந்தத் தாள்களை நான் படித்திருக்கிறேன். அவற்றை ஒருநாள் பிள்ளைகளும் படிப்பார்கள். திரும்பவே சேர முடியாத அளவுக்கு முறிந்துபோன திருமணத்தை அந்தக் காரணத்துக்காகவே முடிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-லேயே பரிந்துரைத்தது. 2013-ல் மாநிலங்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது சட்டமாகாமலே காலாவதியானது. 2023 மே 1 அன்று ஷில்பா சைலேஷ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவைக் கொண்டு அப்படிப்பட்ட திருமணங்களை முடிக்கலாம் என்று சொன்னது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். நம் குடும்ப நல நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது. சாதாரண மனிதர் டெல்லி வரை போய்த்தான் வாங்க வேண்டும் என்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மனைவி போய்விட்டாள் என்றதும் கணவன் தரப்பு முதலில் போடும் மனு பல நேரம் விவாகரத்து மனுவே அல்ல. 'சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள்' என்ற 9-ஆம் பிரிவு மனு. இதைப் பற்றிய மிகப் பெரிய வாதம் நமக்குத் தெரிந்த ஒரு நடிகையின் வழக்கில்தான் நடந்தது. 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் நடித்த சரிதா. பள்ளிக்கூட வயதில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கல்யாணத்தை வைத்துக் கடப்பா நீதிமன்றத்தில் அவர்மேல் இந்த மனு போடப்பட்டது. அவர் இருந்ததோ சென்னையில். வழக்கு ஆந்திர உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, 1983-ல் நீதிபதி பி.ஏ. சௌத்ரி அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு விரோதம் என்றார். தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை ஒரு பெண்ணிடமிருந்து அரசு பறிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த வருஷமே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்காமல் பிரிவைக் காப்பாற்றிவிட்டது. எனக்கு இன்றைக்கும் சௌத்ரி சொன்னதுதான் சரியாகப் படுகிறது. உங்கள் வீட்டுக்கு இப்படி நோட்டீஸ் வந்தால் பயப்படாதீர்கள், ஆனால் அலட்சியமாகவும் இருக்காதீர்கள். போலீஸ் வந்து யாரையும் இழுத்துப்போய் வீட்டில் விடப்போவதில்லை. ஆனால் ஆஜராகாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். தீர்ப்புக்குப் பின் ஒரு வருஷம் சேராமல் இருந்தால் அதையே காரணமாக வைத்து விவாகரத்து கேட்கலாம்.

விவாகரத்துக்கு மனசு வராதவர்களுக்கு 10-ஆம் பிரிவில் நீதிமன்றப் பிரிவினை இருக்கிறது. கல்யாணம் இருக்கும், சேர்ந்து வாழும் கட்டாயம் இருக்காது, மறுமணம் முடியாது. ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ நடத்திய கல்யாணம் என்றால் அதைச் செல்லாததாக்கக் கேட்கலாம். ஆனால் ஏமாற்று தெரியவந்த ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும், தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று பெரியவர்கள் இழுக்கும்போது இந்தக் கெடு போய்விடுகிறது.

அடி விழுகிற வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு விவாகரத்து முதல் தேவையே அல்ல. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்டிரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவும், வீட்டில் இருக்கும் உரிமையும், செலவுக்குப் பணமும் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, அதனால் உனக்கு உரிமையில்லை என்று மிரட்டுவார்கள். 2020-ல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் குடும்பமாக வாழ்ந்த வீடு 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரமென்றால் 181 என்ற உதவி எண் இருக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அக்கா தங்கை இருப்பதால் அடையாற்றில் பலர் "பாதி சொத்து வந்துடும்" என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு விதி கிடையாது. ஃபிளாட் யார் பெயரிலோ அவருடையது. கூட்டுப் பெயர் என்றால் பங்கு. இருபது வருஷம் சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாரைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கணவன் பெயரில் வாங்கிய வீட்டில் தானாகப் பங்கு வராது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் வெளிநாட்டில் சம்பாதிக்க வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்துக்குக் காரணம்தான் என்று பங்கு கொடுத்தார். நல்ல தீர்ப்பு. ஆனாலும் ஒரு தீர்ப்பு சட்டம் ஆகிவிடாது. கல்யாணம் நன்றாக இருக்கும்போதே வீட்டைக் கூட்டுப் பெயரில் வாங்குங்கள் என்று பார்க்கிற பெண்களிடமெல்லாம் சொல்கிறேன். அம்மா வீட்டில் போட்ட நகை, சீர் எல்லாம் அவளுக்கு மட்டுமே சொந்தம். அதைக் கணவன் வீட்டார் வைத்துக்கொண்டு தர மறுப்பது குற்றமாகும் என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது.

ஜீவனாம்சம் மனைவிக்கு மட்டும் என்பதும் தவறு. இந்து திருமணச் சட்டத்தில் வருமானமில்லாத கணவனும் கேட்கலாம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, இருவருமே சம்பளம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகையும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். முன்பு வாய்தா வாங்கி இழுத்தால் லாபம் என்ற நிலை இருந்தது. இப்போது இழுத்தால் பாக்கி ஏறும்.

குழந்தை விஷயத்தில் ஐந்து வயது வரை பொதுவாக அம்மாவிடம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எந்த வயதிலும் குழந்தையின் நலன்தான் அளவுகோல். அப்பா இல்லாவிட்டால்தான் அம்மா இயற்கைக் காப்பாளர் என்ற பழைய வாசிப்பை 1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கு மாற்றியது. அன்னி பெசன்ட்டிடமிருந்து பிள்ளையைப் பிரித்த காரணங்களைச் சொல்லி இன்றைக்கு எந்தத் தாயிடமிருந்தும் பிள்ளையைப் பிரிக்க முடியாது.

கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ கணவன் வாங்கி அனுப்பும் விவாகரத்துத் தாள் இங்கே தானாகச் செல்லாது. 1991-ல் நரசிம்மராவ் வழக்கில் மிசூரி நீதிமன்றத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மனைவி அந்த நீதிமன்றத்துக்கு மனமுவந்து கட்டுப்படவில்லை, சொன்ன காரணமும் நம் சட்டத்தில் இல்லாதது. அதே சமயம் இருவரும் சம்மதித்து அங்கே வாங்கினால் அதற்கு மதிப்புண்டு. அதனால் அங்கிருந்து வரும் தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

முஸ்லிம் பெண்கள் விவாகரத்து கேட்க 1939-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, முத்தலாக் 2017-ல் செல்லாததாகி 2019-ல் குற்றமும் ஆனது. சென்னை வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தலாக் சான்றிதழ் கொடுப்பதை 2017-ல் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. குலா, அதாவது மனைவியே முன்வந்து கேட்கும் மணவிலக்கு, வேண்டும் பெண்ணும் ஜமாத் சான்றிதழை நம்பாமல் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குச் சம்மத விவாகரத்து 2001-ல்தான் வந்தது, சட்டப் புத்தகத்தில் அதற்கு இரண்டு வருஷப் பிரிவு என்று இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் ரிஜிஸ்டர் ஆபீசில் மணந்தவர்களுக்கு விதிகள் கிட்டத்தட்ட இந்து திருமணச் சட்டம் போலத்தான்.

மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். 2003-ல் வந்த திருத்தம். கல்யாணம் கோயம்புத்தூரில் நடந்து, குடும்பம் பெங்களூரில் நடந்து, இப்போது அடையாற்றில் அம்மா வீட்டில் இருந்தால் சென்னையே போதும். குடும்ப நல நீதிமன்றம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. முதலில் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். அதை வெறும் சடங்காக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காராதீர்கள். சேர்வதற்கு மட்டுமல்ல, நல்லபடியாகப் பிரிவதற்கும் அங்கே பேசலாம். இந்தியாவிலேயே முதன்முதலாக நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005-ல் தொடங்கியது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். வழக்காகப் போட்டுவிட்ட பின்னும் இருவர் மனசு வைத்தால் சம்மத விவாகரத்தாக மாற்றிக்கொள்ளலாம், சம்மதத்தில் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் வீட்டில் அடங்கிக் கிடக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. சித்தி மகளிடம் கல்யாணப் பத்திரிகை, இரண்டு போட்டோ, முகவரிச் சான்று, இருவரின் சம்பளச் சீட்டு, நகை ரசீது, வீட்டுக் கடன் தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அம்மா வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். என்ன முடிவெடுப்பாள் என்று தெரியாது. அது அவள் முடிவு. எதுவாக இருந்தாலும் அடுத்த வாரம் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நானும் அவளோடு போகிறேன்.